பொட்டில்லாத பொம்பிளை

— பொட்டு எங்க? நான் உம்மட்டக் கேக்கிறது ஒரே ஒரு கேள்வி, பிள்ளை. பொட்டு எங்க?

— ஐயா, முதல்ல கதிரையில இருங்கோ. உங்களுக்கு மூச்சு வாங்குது.

— நான் இருக்க வரேல்லை. இந்த வெயிலுக்க சுருவிலில இருந்து ஊர்காவற்றுறைக்குச் சைக்கிள் உழக்கிக்கொண்டு வந்தது உம்மட கதிரையில இருக்கிறதுக்கில்லை. இந்தப் போனைப் பாரும். இது ஆர்?

— இது எங்கட ஐக்கன்தான் ஐயா. கொம்பியூட்டரில உங்கட கலியாணப் பதிவைத் திறக்கிறதுக்கு நான் கீறின படம்.

— கலியாணப் பதிவோ? வெள்ளைச் சீலை, வெறும் நெத்தி, தலையில ஒரு பூவில்லை. கலியாணத் தரகன் விநாயகமூர்த்தியின்ர வாசலில ஒரு விதவையைக் கொண்டுவந்து நிப்பாட்டி வைச்சிருக்கிறீர்! முப்பத்திரண்டு வருசமா நான் இந்தத் தீவுகளில கலியாணம் பேசுறன், கேட்டீரே, முப்பத்திரண்டு வருசம்!

— மூர்த்தி அண்ணை, இது என்ர கடை. போட்டோக்கொப்பி எடுக்க வந்த சனமெல்லாம் வாசல்ல நிண்டு விடுப்புப் பாக்குது. கொஞ்சம் ஆறுதலாக் கதையுங்கோ.

— ஆறுதலோ எமிலி? உம்மட கடையில இருக்கிற பெட்டை செய்த வேலைக்கு நான் ஆறுதலாக் கதைக்கிறதோ?

— அந்தப் பெட்டைக்குக் கம்சிகா எண்டு பேர் இருக்கு. என்ன நடந்ததெண்டு ஒழுங்காச் சொல்லுங்கோ என்ர அண்ணை. எனக்குத் தலையும் விளங்கேல்லை, வாலும் விளங்கேல்லை.

— நோர்வேயில இருந்து சறோஜினிதேவி இந்தப் படத்தை எடுத்து வட்ஸ்அப்பில அனுப்பியிருக்கிறா. மாப்பிளை நிமலனின்ர தாய். மடத்துவெளிப் பிள்ளை கஜாலினிக்கு நான் பேசின சம்பந்தம். அடுத்த மாசம் பொன்னுருக்கு, தாலி செய்யிற பத்தருக்கும் சொல்லியாச்சு, அவையள் பிளேன் ரிக்கற்றும் எடுத்தாச்சு. மனிசி நேற்று மகன்ர கொம்பியூட்டரில எங்கட பதிவைத் திறந்து பொம்பிளையின்ர சாதகத்தை இன்னொருக்காப் பாப்பமெண்டு போயிருக்கிறா. திறக்க முதலே இது நிக்குது! அந்தப் பெடியன்ர கொம்பியூட்டர் முழுக்கக் கறுப்பாம். கறுப்புக்குள்ள வெள்ளைச் சீலையோட ஒருத்தி. அழுதுகொண்டு போன் எடுத்தா. "அண்ணை, தாலிக்குப் பொன் உருக்க முதல் எனக்கு இதையோ காட்டுறியள்? எல்லாத்தையும் நிப்பாட்டுங்கோ" எண்டு வைச்சிட்டா.

— ஐயோ. அது டார்க் தீம் ஐயா.

— என்ன கண்டறியாத தீமோ!

— கேளுங்கோ. போன மாசம் நீங்கள்தானே வந்து சொன்னனீங்கள், கனடாவில ஆரோ கறுப்புத் திரை வைச்சிருக்கினம், அதில எங்கட படம் தெரியேல்லை எண்டு? பழைய படம் மெரூன் கோட்டில கீறினது. வெள்ளைத் திரையில வடிவாத் தெரியும். கறுப்பில போட்டால் ரெண்டும் ஒண்டாப் போயிடும், ஒரு மண்ணும் தெரியாது.

— ஓம், சொன்னனான். தெரியப் பண்ணும் எண்டு சொன்னனான். தாலியை அறுக்கச் சொன்னனானோ?

— அதுக்குத்தான் ரெண்டு படம் செய்தனான். வெளிச்சத் திரைக்கு ஒண்டு, கறுப்புத் திரைக்கு ஒண்டு. ஆள் எந்தத் திரை வைச்சிருக்கிறாரோ அதுக்கேத்தது தன்ர பாட்டில வரும். கறுப்புக்கு வெள்ளைக் கோடு எடுப்பாத் தெரியும், அதால கோட்டை மட்டும் வெள்ளையாக்கினனான். சீலைக்கு நான் நிறமே குடுக்கேல்லை ஐயா. அது வெறும் கோடு.

— நோர்வேயில இருக்கிற மனிசிக்கு அது கோடெண்டு ஆர் சொல்லுறது? நீரோ போய்ச் சொல்லப்போறீர்? சரி, கோட்டை விடும். பொட்டு?

— ஐக்கன் நகத்தளவுதான் ஐயா வரும். அந்தளவில பொட்டு ஏதோ ஊத்தை பிரண்ட மாதிரிக் கிடந்தது. சின்னன் சின்னனா இருக்கிறதை எடுத்துவிடுறதுதான் எங்கட வேலையில வழக்கம். பூவையும் அப்பிடித்தான் எடுத்தனான்.

— ஊத்தை! கேட்டீரே எமிலி? பொட்டு ஊத்தையாம்! இந்தப் பிள்ளையைப் படிக்க அனுப்பினவனைச் சொல்லவேணும். கம்பசில உமக்கு இதையோ படிப்பிச்சவை?

— ஐயா, பிழை என்ரதான். பொட்டை எடுக்கேக்க நான் அதை ஒரு புள்ளியாத்தான் பாத்தனான், பொம்பிளையாப் பாக்கேல்லை. நான் இஞ்ச பிறந்து வளந்தவள், எனக்கு விளங்கியிருக்கவேணும். மன்னிப்புக் கேக்கிறன். ஆனா இப்பிடி ஊர் கேக்கக் கத்துறதுக்கு நான் ஒண்டும் களவெடுக்கேல்லை.

— அதுதானே. எனக்கு இதில என்ன குற்றமெண்டே விளங்கேல்லை. நான் வெள்ளைச் சீலையிலதான் சேர்ச்சில சுவாமியாருக்கு முன்னால நிண்டு தாலி கட்டிக்கொண்டனான். முப்பத்தொரு வருசமாப் போச்சு. கட்டின மனிசன் இண்டைக்கும் மூண்டு கோப்பை சோறு தின்னுது.

— உங்கட சமயம் வேற எமிலி. உங்களுக்கு வெள்ளை கலியாணவீடு. எங்களுக்கு அது செத்தவீடு. இதில வாதாட ஏலாது.

— வாதாடேல்லை. சீலை எடுக்கிறது ரெண்டு பேரும் ஒரே கடையிலதானே எண்டுதான் சொல்ல வந்தனான். அது கிடக்கட்டும். நீங்கள் உங்கட கண்ணால பாத்தனீங்களோ, இல்லாட்டி நோர்வேக்காரி சொன்னவுடன ஓடி வந்தனீங்களோ?

— வீட்டில பாத்திட்டுத்தான் வாறன். என்ர மூத்தவளின்ர லப்ரொப்பில. அவளுக்கு வெளிச்சம் கண்ணுக்குக் குத்துதெண்டு எல்லாத்தையும் கறுப்பாக்கி வைச்சிருக்கிறாள். விடிய நாலு மணிக்கு எழும்பி வெளிநாட்டுப் பிள்ளையளுக்கு ஒன்லைனில தமிழ் படிப்பிக்கிறவள். திறந்து பாத்தால் அங்கயும் இவள் நிக்கிறாள், வெறும் நெத்தியோட. "பிரியா, என்ர பதிவில இப்பிடியொரு அநியாயம் கிடக்கு, நீ காணேல்லையோடி" எண்டு கேட்டன். "கண்டனான் அப்பா. வடிவாத்தானே இருக்கு" எண்டாள். கேட்டீரே! என்ர வீட்டிலயே எனக்கு இப்பிடி மரியாதை.

— பிரியவதனி பாவம். புருசன் தவறிப்போய் எத்தினை வருசம்? ஆறோ?

— ஏழு.

— சின்ன வயசு. இப்ப என்ன வயசு அவளுக்கு?

— இருக்கும் ஒரு முப்பது, முப்பத்தொண்டு. இப்ப அவளின்ர கதை என்னத்துக்கு? அவளுக்கென்ன குறை? வீட்டில இருக்கிறாள், உழைக்கிறாள், சாப்பிடுறாள்.

— முப்பதோ முப்பத்தொண்டோ தெரியாது. மடத்துவெளிப் பிள்ளைக்கு என்ன வயசு அண்ணை?

— கஜாலினிக்கோ? வைகாசியில இருபத்தாறு முடிஞ்சுது. உத்தரட்டாதி, நாலாம் பாதம். என்ன கேள்வி இது? இந்தத் தீவுகளில இருக்கிற குமர்ப்பிள்ளையள் எல்லாற்ர வயசும் நச்சத்திரமும் என்ர விரல் நுனியில.

— ஓம் ஓம். அதுதான் பாத்தன்.

— நக்கல் வேண்டாம் எமிலி. பிள்ளை, இஞ்ச பாரும். இப்பவே, நான் நிக்கவே, இந்தப் படத்தை அழியும். சறோஜினிதேவிக்குக் காட்டப் புதுசு ஒண்டு கீறும். இல்லாட்டி நான் இதில இருந்து எழும்பமாட்டன், சொல்லிப்போட்டன்.

— நீங்கள் இன்னும் இருக்கவேயில்லை ஐயா.

— இருக்கிறன். இந்தா, இருந்திட்டன். கீறும்.

— வடிவாப் பாத்துக்கொண்டிருங்கோ. திரை கறுப்பு. வெள்ளைக் கோட்டை எடுக்கிறன். அதுக்குப் பதிலாப் பொன் நிறம். மஞ்சள் மாதிரி ஒரு பொன். தெரியுதோ?

— தெரியுது. கூறைக்குக் கரை போடும். நல்ல அகலக் கரை.

— போட்டாச்சு. சீலைக்கு உள்ளுக்குக் குங்குமச் சிவப்பு. கறுப்பில தாழாமல் இருக்கக் கொஞ்சம் வெளிச்சமாக்கிறன். இனிப் பொட்டு.

— பெரிசா வையும்.

— இவ்வளவு?

— இன்னும். இன்னும் பெரிசா. ஆ! அப்பிடி. இப்ப மல்லிகைப்பூ. மூக்குத்தி. அட்டியல். தாலிக்கொடியையும் கழுத்தில போட்டுவிடும்.

— ஐயா, நகத்தளவு படம்! நகைக்கடையையே இதுக்குள்ள கொண்டுவர ஏலாது.

— அண்ணை, தாலிக்கொடி போட்டால் அவள் கலியாணம் முடிச்சவளாப் போயிடுவாள். பேந்து ஏன் உங்கட பதிவுக்கு வாறாள்?

— ஓம், அதுவும் சரிதான். தாலி வேண்டாம். பொட்டும் பூவும் காணும். கெதியா என்ர போனுக்கு அனுப்பும், நோர்வேக்கு விடுவம்.

— அனுப்பியாச்சு.

— இந்தா, மனிசி பாத்திட்டா. குரல் செய்தி போடுறா போல கிடக்கு. பொறுங்கோ, கேப்பம். ம்... கேட்டீரோ எமிலி? "இப்பதான் மனசு ஆறுது அண்ணை, இது எங்கட பொம்பிளை. பொன்னுருக்கு நடக்கட்டும். ஆனா அந்த மற்றது இனி என்ர கண்ணில படக்கூடாது" எண்டுறா. முருகா! என்ர மானம் கப்பலேறப் பாத்துது. பிள்ளை, நீர் கெட்டிக்காரிதான், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. பழைய சனியனை அழிச்சுப்போட்டு இதை ஏத்திவிடும், நான் போறன். மத்தியானத்துக்குப் பிரியா சோறு வைச்சுக்கொண்டிருப்பாள்.

— ஏத்தலாம் ஐயா. ஒரு அமத்து அமத்தினால் எல்லாற்ர திரையிலயும் மாறும். அதுக்கு முதல் நீங்கள் ஒண்டு தெரிஞ்சுகொள்ளவேணும்.

— இன்னும் என்ன?

— வெள்ளைக் கோட்டுப் படம் வியாழக்கிழமைதான் வெளியில போனது. இண்டைக்குத் திங்கள். இந்த நாலு நாளில புதுசா ஏழு பேர் பதிஞ்சிருக்கினம்.

— ஏழோ? ஒரு மாசத்துக்கே அஞ்சு வந்தால் பெரிய காரியம். நல்லதுதானே, அதை ஏன் மூஞ்சையைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொல்லுறீர்?

— ஏழும் பொம்பிளையள். ஏழு பேரும் புருசனை இழந்த ஆக்கள்.

— என்ன?

— "மேலதிகக் குறிப்பு" எண்ட இடத்தில எழுதியிருக்கினம். ஒண்டை வாசிக்கிறன். "படத்தைப் பார்த்தேன். நெற்றியில் ஒன்றும் இல்லாமல் ஒரு பெண் நின்றாள். எங்களையும் பதிவீர்கள் என்று விளங்கியது. நன்றி."

— யேசுவே!

— என்ன விசர்க் கதை இது! உம்மட பிழையைப் பாத்திட்டு அவளவை ஏமாந்துபோய் வந்திருக்கிறாளவை. அழியும்! படத்தையும் அழியும், அந்த ஏழு பதிவையும் அழியும்!

— ஆக்களை எப்பிடி ஐயா அழிக்கிறது?

— விதவையளையும் பதியிறானெண்டு வெளியில தெரிஞ்சால் குமர்ப்பிள்ளை வைச்சிருக்கிற ஒரு தாய் தேப்பன் என்னட்டச் சாதகம் தரமாட்டினம். விளங்குதோ உமக்கு? மறுமணம் பேசிற தரகன் எண்டு பேர் வந்தால் நான் பேந்து பனங்கிழங்கு வித்துத்தான் சீவிக்கவேணும்.

— ஐயா, நான் ஒண்டு கேக்கலாமோ? கோவிக்கமாட்டீங்களே?

— இனி என்னத்துக்குக் கோவிக்க? கோவம் முடிஞ்சுது. கேளும்.

— உங்கட பதிவில மனிசி செத்த ஆம்பிளையள் பதினொரு பேர் இருக்கினம். நான்தானே எல்லாத்தையும் ஏத்தினனான். நாப்பத்தெட்டு வயசுக்காரருக்கு முப்பது வயசுக் குமர்ப்பிள்ளை தேடிக் குடுத்தனீங்கள், போன ஆவணியில. அப்ப உங்கட பேர் கெடேல்லையோ?

— அது ஆம்பிளை.

— ஓம், ஆம்பிளை! அவர் வெள்ளை வேட்டி கட்டினால் மாப்பிளை. அதே வெள்ளையில நான் ஒரு கோடு கீறினால் செத்தவீடு. பொட்டில்லாத பொம்பிளை உங்கட வாசலில நிண்டால் தீட்டு, பொஞ்சாதி செத்தவர் வந்தால் கதிரை இழுத்துப் போடுவீங்கள். எனக்கும் வயிறு எரியும் ஐயா. காலமையில இருந்து பொட்டு பொட்டு எண்டு கத்துறீங்கள். அந்த ஏழு பேரையும் ஒருக்கா நினைச்சுப் பாத்தனீங்களோ?

— கம்சி, சத்தத்தைக் குறை. நீ சொல்லுறது சரி, எண்டாலும் குறை.

— சொல்லட்டும் எமிலி, சொல்லட்டும். இதெல்லாம் கேக்கத்தானே நான் சைக்கிள் உழக்கி வந்தனான். பிள்ளை, நான் ஊர் வழக்கத்தைச் சொல்லுறன். நான் உண்டாக்கினதில்லை. அதை விடும், இவளவை தாங்களாவே வந்து பதியிறாளவையோ? பொறுப்பாக் கதைக்கிறவர் எண்ட கட்டம் நிரப்பாட்டி ஒருத்தரையும் ஏத்த ஏலாதெண்டு நான்தானே செய்விச்சனான்? பொம்பிளைப் பிள்ளைக்குப் பின்னால நிண்டு கதைக்க ஒரு ஆள் வேணும். ஆளில்லாத பிள்ளையை நான் எடுக்கிறதில்லை. முப்பத்திரண்டு வருசத்தில ஒருநாளும் எடுக்கேல்லை.

— நிரப்பியிருக்கினம் ஐயா.

— ஆரெண்டு? தமையனோ? தாய்மாமனோ?

— இது அனலைதீவில இருந்து வந்தது. முப்பது வயசு, ஒரு பொம்பிளைப் பிள்ளை இருக்கு. பொறுப்பாக் கதைக்கிறவர் செல்லாச்சி. உறவுமுறை, மாமியார்.

— மாமியாரோ? செத்தவன்ர தாயோ?

— ஓம். குறிப்பில மனிசி சொல்லச் சொல்ல ஆரோ எழுதியிருக்கினம். "என்ர மகன் திரும்பி வரப்போறதில்லை. இவள் இன்னும் எத்தினை வருசம் என்னைப் பாத்துக்கொண்டு இருக்கிறது? பேரப்பிள்ளையை நான் வைச்சுப் பாப்பன்" எண்டு.

— செல்லாச்சியை எனக்குத் தெரியும். அந்தக் கலியாணம் நான்தான் பேசினனான். பெடியன் வள்ளத்தால விழுந்து... அந்த மனிசி மகன்ர செத்தவீட்டு எட்டுச் செலவுக்குப் பிறகு வீட்டை விட்டு வெளிக்கிடேல்லை எண்டு கேள்விப்பட்டனான். என்னட்ட ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே.

— உங்களிட்டையோ அண்ணை? வாசலில வெள்ளைச் சீலை நிக்குதெண்டு இப்பதானே என்ர கடையைத் தலைகீழாக்கினீங்கள். ஆர் வந்து உங்களிட்டச் சொல்லுவினம்?

— நீர் சும்மா இரும் எமிலி. மற்ற ஆறையும் காட்டும், பிள்ளை.

— காணும் ஐயா. வேற ஒருநாள் பாப்பம்.

— ஏன் திரையை அங்கால திருப்புறீர்?

— இல்லை, உங்களுக்குச் சாப்பாட்டுக்கு நேரமாகுதெண்டு...

— என்ர சாப்பாட்டை நான் பாப்பன். இது என்ர பதிவு. என்ர பேரில நடக்கிறது. தள்ளும். கண்ணாடி எங்க... ஆ. புங்குடுதீவு ஒண்டு. வேலணையில ரெண்டு பேர். நயினாதீவு. இது ஆர், யாழ்ப்பாணம். அனலைதீவோட ஆறு. ஏழு. சுருவில். ஓ, எங்கட ஊரிலயும் ஒண்டோ? எனக்குத் தெரியாமல் ஆரப்பா? வயசு முப்பத்தினாலு. சொந்தத் தொழில், இணையவழித் தமிழ் ஆசிரியை.

— ஐயா, வேண்டாம்.

— புனர்பூசம், ரெண்டாம் பாதம்.

— என்ன அண்ணை, வாசிக்கிறதை நிப்பாட்டிட்டீங்கள்? பேர் என்ன போட்டிருக்கு? மூர்த்தி அண்ணை?

— முப்பத்தினாலோ அவளுக்கு?

— யேசுவே... கம்சி, அவருக்குத் தண்ணி எடுத்துக்கொண்டு வா.

— தண்ணி வேண்டாம். இரும். தேப்பன்ர பேரும் ஒழுங்காப் போட்டிருக்கிறாள். விநாயகமூர்த்தி. தொழில், கலியாணத் தரகர். ஒண்டும் ஒளிக்கேல்லை. பின்னேரமானால் நான் விறாந்தையில இருந்து ஊர்ப் பிள்ளையளின்ர சாதகம் பாக்கிறன், இவள்தான் எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைக்கிறவள்.

— நான் காட்டக்கூடாதெண்டுதான் ஐயா நினைச்சனான். அக்காவுக்கு நான் என்ன முகத்தோட...

— உம்மில பிழையில்லை. கீழ பொறுப்பாக் கதைக்கிறவர் எண்ட கட்டத்தில என்ன கிடக்கு? எனக்குக் கண்ணாடி புகைஞ்சுபோச்சு. நீர் வாசியும்.

— "ஒருவரும் இல்லை" எண்டு போட்டிருக்கிறா.

— ஒருவரும் இல்லை.

— ஓம் ஐயா. நோர்வே அன்ரி திரும்பவும் எழுதியிருக்கிறா, மற்றப் படத்தை எடுத்தாச்சோ எண்டு. என்ன செய்யட்டும்? அழிக்கட்டோ?

— படத்தைப் பேந்து பாப்பம். முதல் அந்த "ஒருவரும் இல்லை" எண்டதை அழியும், பிள்ளை. அதில என்ர பேரைப் போடும்.